கரும்புத் தோட்டத்து ஆடல் விழா



திருவிழாக் காலம் வந்தால் நம் தோட்டத்தில் வீடு வீடாகப் பணம் சேர்ப்பது வழக்கம். அவரவர் தம்மால் இயன்றதை ஈவர். அப்பணத்தில் அன்னதானம் நடக்கும். கோயிலுக்கு வெள்ளையடிப்பும் நடக்கும். விழா என்பது கண்ணுக்கு விருந்து மட்டுமன்று; பொதுக்காரியத்திற்குப் பொருள் சேர்க்கும் வழியுமாகும். நம்மைப் போலவே கடல் கடந்து தோட்டப் பாட்டாளிகளாய்ச் சென்ற வேறோர் இனத்தாரும் இவ்வுண்மையை அறிந்திருந்தனர். அவர்தம் ஆடல் விழாவைப் பற்றி இங்கு விளக்க விழைகிறோம்.

பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ளது ஹவாய்த் தீவுக் கூட்டம். இன்று அஃது அமெரிக்காவின் ஒரு மாநிலம். அன்றோ தனி அரசு. அதன் மன்னர் கலாகௌவா 1881ஆம் ஆண்டு உலகைச் சுற்றி வந்தார். ஜப்பானுக்குச் சென்றார், நம் ஜொகூருக்கும் வந்து மகாராஜா அபு பக்காரைக் கண்டார். கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடுவது அப்பயணத்தின் நோக்கங்களுள் ஒன்று. 1885ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஏறத்தாழ 940 ஜப்பானியர் ஒப்பந்தத் தொழிலாளராக ஹோனலுலு துறைமுகத்தில் வந்திறங்கினர்.

ஒப்பந்தம் மூன்றாண்டு. மாதம் 26 நாள், நாளொன்றுக்கு 10 மணி நேரம் வயலில் உழைக்க வேண்டும். ஆணுக்கு மாதம் 9 டாலர் சம்பளமும் 6 டாலர் உணவுப்படியும் கிடைத்தன. பெண்ணுக்கு 6 டாலரும் 4 டாலருமே. எண் பொறித்த சிறு உலோக வில்லை ஒன்று ஒவ்வொருவருக்கும் தரப்பட்டது. அதற்குப் 'பாங்கோ' என்று பெயர். சம்பள நாளில் அதைக் காட்டியே கூலி பெற்றனர். மேற்பார்வையாளர்கள் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்காமல் எண் சொல்லியே அழைத்தனர். தாத்தா பாட்டியரிடம் பெரட்டுக் களத்துக் கதை கேட்ட நம் பிள்ளைகளுக்கு இதன் வேதனை விளங்காமற் போகாது.

ஜப்பானியர் என்றதும் சயாம் மரண இரயில் பாதையில் மாண்ட நம்மவரின் நினைவு எழுவது இயல்பே. அதனை நாம் மறக்கவும் கூடாது. ஆயின் அக்கொடுமையை இழைத்தது படையாட்சி. இவர்களோ, அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே வயிற்றுப் பாட்டிற்காக ஊரைத் துறந்த ஏழைகள்.

இவர்கள் தம்முடன் கொண்டு சென்ற செல்வம் 'போன் ஓடோரி' என்னும் ஆடல். நம் நாட்டிலும் 1977இல் தொடங்கிய இவ்விழாவை ஷா ஆலாமில் கண்டவர் உங்களிற் சிலர் இருக்கலாம். புத்தரின் சீடர் மொக்கல்லானர், இறந்த தம் தாய் பசிப்பேய்களின் உலகில் வாடுவதை ஞானக்கண்ணால் கண்டாராம். புத்தரின் அறிவுரைப்படி துறவியர்க்குத் தானம் அளித்தார். தாய் விடுதலை பெற்றாள். அம்மகிழ்ச்சியில் அவர் ஆடிய ஆட்டமே இதற்கு மூலம் என்பர். ஆடி அமாவாசையன்று மூதாதையரை நினைந்து வணங்கும் நமக்கு இக்கதை அந்நியமாகுமோ? ஈகையில் பிறந்த ஆடல் இது என்பதை மட்டும் நெஞ்சில் இருத்துங்கள்.

ஹவாயில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை இவ்விழா நடைபெறும். கோயில்கள் தமக்குள் முறை வகுத்துக்கொண்டு வார இறுதிகளில் நடத்துவதால், ஓர் ஊரார் மற்றோர் ஊர் விழாவிற்குச் செல்ல இயலுகிறது. முதலில் வழிபாடு, பொழுது சாய்ந்ததும் ஆடல். திறந்த வெளியின் நடுவே 'யாகுரா' என்னும் மேடை உயர்ந்து நிற்கும். அதிலிருந்து நாற்புறமும் காகித விளக்குகள் தொங்கும். மேளம் முழங்க, முதியோரும் சிறுவரும் வட்டமிட்டு ஆடுவர், நம் கும்மியைப் போல. சுரங்கத் தொழிலாளர் நிலக்கரியை வெட்டுவதையும் தோளில் சுமப்பதையும் வண்டியில் தள்ளுவதையும் காட்டும் ஆட்டமும் அவற்றுள் ஒன்று. உழைத்த கைகளின் அசைவே அங்கே கலையாகிறது.

ஆடல் திடலைச் சுற்றி உணவுக் கடைகள் இருக்கும். சமைப்பவரும் விற்பவரும் கோயிலைச் சார்ந்த தொண்டர்களே. அவ்வருவாயும் வருவோர் அளிக்கும் நன்கொடையும் கோயிலின் பராமரிப்பிற்குப் பயன்படுகின்றன.

அக்கோயில்கள் பலவும் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பள்ளிகளை நடத்தின. அப்பள்ளிகளை ஒடுக்கும் சட்டங்கள் வந்தபோது, பள்ளிகள் ஒன்றுகூடி வழக்குத் தொடுத்தன. 1927இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவற்றின் பக்கமே தீர்ப்பளித்தது. 1941 டிசம்பரில் போர் மூண்டதும் பௌத்த குருமார் பலர் சிறைப்பட்டனர், ஆடலும் நின்றது. போர் முடிந்தபின் மேளம் மீண்டும் ஒலித்தது.

ஹவாயின் கடைசிக் கரும்புத் தோட்டம் 2016இல் மூடப்பட்டது. தோட்டம் போயிற்று; விழா போகவில்லை. நகருக்குக் குடிபெயர்ந்தோரின் பேரப்பிள்ளைகள் ஆண்டுக்கொரு முறை திரும்பி வந்து அந்த வட்டத்தில் சேர்கின்றனர். வருகின்றவரை அக்கோயில்களுக்கு வாழ்வு உண்டு.

பெற்றோர்களே! நம் தோட்டங்களும் கைமாறி வருகின்றன. பிள்ளைகள் குறைந்து கொண்டே வரும் தோட்டப் பள்ளிகளுள் நம் பள்ளியும் ஒன்று. இங்குப் படித்து இன்று பட்டணத்தில் வாழ்வோர் பலர். அவர்கள் ஆண்டிற்கு ஒரு நாளேனும் இத்திடலுக்கு வர வேண்டும். பிள்ளைகளின் கும்மியையும் கோலாட்டத்தையும் கண்டு, தாய்மார் சுடும் தோசையை வாங்கி உண்டு, பேருந்துக் கட்டணம் கட்ட இயலாத ஒரு பிள்ளைக்கு உதவ வேண்டும். பெரும்பணம் நாம் கேட்கவில்லை. வட்டம் பெரிதாக வேண்டும் என்றே கேட்கிறோம்.

மாணவர்களே! உங்களை இப்பள்ளி எண் சொல்லி அழைத்ததில்லை. பெயர் சொல்லியே அழைக்கிறது. நீங்கள் வளர்ந்து எங்குச் சென்றாலும், அழைத்த இடத்தை மறவாதீர்கள்.