பத்தொன்பது சி.சி. தண்ணீரின் விலை

2025 அக்டோபர் 18 அன்று இடுக்கி மாவட்டம் கூட்டாரில், ஆற்றோரம் நிறுத்தியிருந்த டிராவலர் வேன் வெள்ளத்தில் மிதந்து போன வீடியோவைப் பார்க்காதவர்கள் தேனிப் பக்கம் குறைவு. கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் கூட்டார்தான். அதே மழைக்கு முல்லைப்பெரியாறு அணையில் மதகுகளைத் திறந்தார்கள். கம்பம் பள்ளத்தாக்கிலும் அந்த மழையில் ஆற்றோர வயல்கள் மூழ்கின.

அந்த வேன் போனது போனதுதான், அதற்குக் கணக்கு எழுத ஒன்றுமில்லை. இந்தக் கணக்கு, அடித்துப் போகாமல் தரைப்பாலத்தின் நடுவில் ஒருமுறை இருமிவிட்டு நின்றுபோன கார்களுக்கு.

தேனி மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழை சுமார் 830 மி.மீ. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. இங்கே காரைக் கெடுப்பது தலைக்கு மேல் பெய்யும் மழை அல்ல, மலையில் பெய்து ஓடையிலும் ஆற்றிலும் இறங்கும் தண்ணீர். கொட்டகுடி ஆறு, வராக நதி, சுருளியாறு எல்லாமே மலையை விட்டு இறங்கிய கொஞ்ச தூரத்தில் சாலையைச் சந்திப்பவை. திடீரென்று ஏறும், சில மணி நேரத்தில் வடியும். அதனால்தான் சென்னையில் வெள்ளம் பார்த்த காரும் தேனியில் வெள்ளம் பார்த்த காரும் ஒன்றல்ல. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் மூழ்கியவை பெரும்பாலும் நிறுத்தியிருந்த கார்கள். சீட்டு, வயரிங், ஈ.சி.எம். எல்லாம் போயிருக்கும், இன்ஜினுக்குள் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு நேராகவே இருக்கும். தேனிக் கார் ஓடிக்கொண்டே தண்ணீருக்குள் இறங்கிய கார். சீட்டு காய்ந்திருக்கும், ரேடியோ பாடும். அடி விழுந்திருப்பது உள்ளே.

எவ்வளவு தண்ணீர் போனால் அடி விழும்? நம் ஊர்ச் சாலையில் அதிகம் பார்க்கும் 1.3 லிட்டர் டீசல் இன்ஜினை எடுத்துக்கொள்வோம். ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ் என்று மாருதியிலும், இண்டிகா விஸ்டாவிலும், ஃபியட் புன்டோவிலும் வந்தது இதுதான். மொத்தம் 1,248 சி.சி.; நான்கு சிலிண்டர், ஒன்றுக்கு 312 சி.சி. போர் 69.6 மி.மீ., ஸ்ட்ரோக் 82 மி.மீ. கம்ப்ரஷன் விகிதம் 17.6. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சம் இருக்கும் இடம் எவ்வளவு என்று 312ஐ 16.6ஆல் வகுத்தால் தெரிந்துவிடும்: 18.8 சி.சி. வீட்டில் மருந்து ஊற்றும் 5 மில்லி கரண்டியில் நான்கு கரண்டிகூட இல்லை. அதற்கு மேல் ஒரு சொட்டு அதிகம் இருந்தாலும் பிஸ்டன் மேலே வர இடமில்லை. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. ஃபிளைவீல் சுற்றும் வேகத்தில் ஏதாவது ஒன்று விட்டுக்கொடுத்தாக வேண்டும். விட்டுக்கொடுப்பது கனெக்டிங் ராடு. இதைத்தான் ஹைட்ரோ லாக் என்கிறார்கள்.

பெட்ரோல் ஸ்விஃப்டின் 1,197 சி.சி. இன்ஜினில் கம்ப்ரஷன் 11 என்றால் அந்த இடம் 30 சி.சி. கொஞ்சம் தாராளம், அவ்வளவுதான். டீசல் வண்டிக்காரர்கள் அதிகம் அடிபடுவதற்குக் காரணம் இந்த 19க்கும் 30க்கும் உள்ள வித்தியாசம் மட்டுமல்ல. பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் நனைந்தால், மிஸ்ஸடித்து முன்கூட்டியே நின்றுவிட வாய்ப்புண்டு. டீசலில் நிற்க வைக்க ஸ்பார்க் பிளக் கிடையாது. தண்ணீரை விழுங்கும் வரை ஓடும்.

விழுங்கும் வேகத்தையும் பார்த்துவிடலாம். 2,000 ஆர்.பி.எம்.மில் இந்த 1.3 இன்ஜின் நிமிடத்துக்கு 1,248 லிட்டர், அதாவது நொடிக்கு 20 லிட்டருக்கு மேல் காற்று இழுக்கிறது. டர்போ தள்ளுவது தனி. காற்றுக் குழாயின் வாய் தண்ணீருக்குள் ஒரு கணம் முங்கி எழுந்தாலே போதும். அந்த வாய் பல சிறு கார்களில் தரையிலிருந்து இரண்டடி உயரத்துக்கு அக்கம்பக்கம்தான் இருக்கும். முழங்காலளவுத் தண்ணீர்தானே என்று இறங்குகிறவர், எதிரே வரும் பஸ் கிளப்பும் அலையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. 2020இல் வந்த தாருக்கே மஹிந்திரா சொல்லும் தண்ணீர் ஆழம் 650 மி.மீ.; அதன் வயிறு தரையிலிருந்து 226 மி.மீ. உயரத்தில். ஸ்விஃப்டுக்கு அது 163.

ரயில்வே சப்வேயில் மாட்டினால் மட்டும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை அருகே துடையூர் சப்வேயில் காரோடு மூழ்கி ஒரு பெண் மருத்துவர் இறந்துபோனார். காரை அங்கேயே விட்டுவிட்டு இறங்கி நடக்க வேண்டியதுதான்.

சரி, வண்டி நின்றுவிட்டது. தள்ளிக் கரையேற்றியாயிற்று. இந்த இடத்தில் ஊரே கூடி ஒரே யோசனைதான் சொல்லும்: 'செல்ஃப் அடிச்சுப் பாருங்கண்ணே.' செல்ஃப் மோட்டார் நிமிடத்துக்கு 200 சுற்று போல இன்ஜினைச் சுற்றும். ஒரு நொடியில் மூன்று சுற்று. அந்த ஒரே நொடியில் நான்கு சிலிண்டரும் ஒருமுறையாவது அமுக்கத்துக்கு வந்துவிடும். செல்ஃபின் பலம் மட்டும் என்றால் பெரும்பாலும் 'டங்'கென்று முட்டி நின்றுகொள்ளும். ஆபத்து எங்கே என்றால், தண்ணீர் இல்லாத சிலிண்டர் ஒன்று பற்றிக்கொண்டு, தண்ணீர் உள்ள சிலிண்டரை முழுபலத்தோடு மேலே தூக்கிக் கொடுக்கும்போது. ஏர் ஃபில்டர் பெட்டியில் தேங்கி நின்ற தண்ணீர் அதுவரை உள்ளே போகாமலே இருந்திருக்கலாம். அதையும் உறிஞ்சிக்கொள்வது இந்தச் செல்ஃப்தான்.

அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் பேட்டரி நெகடிவைக் கழற்றுவார். அடுத்து ஏர் ஃபில்டர். காகிதம் நனைந்து, மடிப்புகளுக்குள் செம்மண் படிந்திருந்தால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். பிறகு டிப் ஸ்டிக். ஆயில் அளவு ஏறியிருந்தாலோ, பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தாலோ சம்ப்பில் தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம். வண்டி இரவு முழுக்க நின்றிருந்தால் தண்ணீர் அடியில் தங்கி ஆயில் மேலே மிதக்கும். டிரெயின் போல்ட்டை முழுவதும் திறக்காமல் இரண்டு சுற்று மட்டும் தளர்த்தினால் முதலில் வழிவது தண்ணீர்தான். எவ்வளவு என்று ஒரு பாட்டிலில் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்வேன். இன்சூரன்ஸ் சர்வேயரிடம் காட்ட உதவும்.

இன்ஜெக்டரையோ குளோ பிளக்கையோ கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு முழுச் சுற்று. எங்கும் முட்டாமல் சுற்றினால், அதே நிலையில் செல்ஃப் அடிக்கலாம். தண்ணீர் ஓட்டை வழியாகப் பீய்ச்சி வெளியேறும். இதெல்லாம் முதல் 24 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டிய வேலை. 'வெயில் வரட்டும், தானா காயும்' என்று ஞாயிற்றுக்கிழமை தாண்டக் காத்திருந்தால் சிலிண்டர் சுவரில் துரு பிடித்து ரிங் ஒட்டிக்கொள்ளும்.

அடுத்ததுதான் முக்கியம். பலர் தாண்டிப் போவதும் இதைத்தான். கம்ப்ரஷன் கேஜ் போட்டு நான்கு சிலிண்டரையும் அளப்பது. டீசலில் 350 முதல் 450 பி.எஸ்.ஐ. வரை நல்ல அளவு. நான்கும் 400 காட்டிய இன்ஜினில் ஒரு ராடு 1 மி.மீ. வளைந்து குட்டையாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பிஸ்டன் மேலே வராமல் விட்ட அந்த 1 மி.மீ., எரியும் இடத்தில் 3.8 சி.சி.யைக் கூட்டுகிறது. 18.8 இப்போது 22.6. கம்ப்ரஷன் விகிதம் 17.6இலிருந்து 14.8க்கு இறங்கும், கேஜில் 400 இருந்த இடத்தில் 320 போலக் காட்டும். போடியில் மார்கழிக் காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறி வெள்ளைப் புகை கக்கும் வண்டி இதுதான்.

வளைவு அரை மில்லிமீட்டர் என்றால்? விகிதம் 16.1, கேஜில் சுமார் 355. 'லிமிட்டுக்குள்ளதான் இருக்கு' என்று சொல்லி ஆயிலை மாற்றி அனுப்பிவிடுகிற வண்டி இது. ஓடும். மைலேஜ்கூட பெரிதாக அடிபடாது. ஆனால் வளைந்த ராடு ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டனை ஒரு பக்கமாகச் சாய்த்துத் தேய்க்கும். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஆளும் மூட்டையும் ஏற்றி இரண்டாம் கியரில் ஏறும் ஒரு நாளில், ராடு பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வரும். தண்ணீர் போனது அக்டோபரில், இன்ஜின் வெடித்தது ஜனவரியில். இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

355 காட்டுவது பழைய தேய்மானமா, புதிய வளைவா என்று பிரிக்க வழி உண்டு. அந்தச் சிலிண்டரின் பிஸ்டனை மேலே நிறுத்தி, கம்ப்ரஸர் காற்றை உள்ளே விட வேண்டும். ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் மூடி வழியாகவும், வால்வு கசிந்தால் சைலன்ஸர் வழியாகவும் புஸ்ஸென்று வெளியேறும். காற்று நன்றாக நிற்கிறது, ஆனால் கேஜ் குறைவு என்றால், ராடுதான். ஹெட்டைக் கழற்றினால் கண்ணாலேயே தெரியும்: சிலிண்டர் சுவரின் மேல் விளிம்பில் பிஸ்டன் தொடாத கரி வளையம், மற்ற மூன்றிலும் மெல்லிய கோடு, வளைந்த ராடு உள்ளதில் மட்டும் அகலமான பட்டை.

இனி ரூபாய். கீழே உள்ளவை வெளிப் பட்டறைக்கான என் உத்தேச விலைகள். சாமானின் தரத்துக்கும் ஊருக்கும் ஏற்ப ஏறும், இறங்கும். தண்ணீர் போனது, ராடு தப்பியது என்றால் கணக்கு இது:

ரெக்கவரி வண்டி – 2,500
இன்ஜின் ஆயில் இரண்டு முறை, 6 லிட்டர் – 2,700
ஆயில் ஃபில்டர் இரண்டு – 700
ஏர் ஃபில்டர் – 400
டீசல் ஃபில்டர் – 1,200
கியர் ஆயில் – 1,000
செல்ஃப் மோட்டார், ஆல்டர்னேட்டர் சுத்தம் – 1,500
சீட், தரைவிரிப்பு கழற்றிக் காயவைக்க – 3,500
கம்ப்ரஷன் பார்ப்பது உட்பட மெக்கானிக் கூலி – 3,500
ஆக 17,000 ரூபாய்.

ஒரு ராடு வளைந்துவிட்டால் இதன்மேல் ஏறுவது: ராடு 4,000, பிஸ்டன் ரிங் செட் 12,000, பேரிங் 4,500, கேஸ்கெட் கிட் 6,000, டைமிங் செயின் கிட் 9,000, லேத் வேலை 6,000, இன்ஜின் இறக்கி ஏற்றக் கூலி 15,000. கூட்டினால் 56,500. மொத்தம் 73,500. ராடு பிளாக்கை உடைத்திருந்தால் லட்சத்தைத் தாண்டும். இதில் ஒரே ஆறுதல், 2025 செப்டம்பர் 22 முதல் வண்டி சாமான்களுக்கு ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. வரிக்கு முந்தைய 10,000 ரூபாய்ச் சாமானுக்கு 1,000 மிச்சம்.

'இன்சூரன்ஸ் இருக்கே' என்பவர்களுக்கு அடுத்த கணக்கு. மாருதி டீசல் இன்ஜினை 2020 ஏப்ரலோடு நிறுத்திவிட்டது. ஆக, ஓடுகிற மாருதி 1.3 எல்லாமே ஐந்து வயது தாண்டியவை. ஐந்திலிருந்து பத்து வயது வரை உலோகச் சாமானுக்குத் தேய்மானக் கழிவு 40 சதவீதம், ரப்பர், பிளாஸ்டிக்குக்கு 50. முழு இன்ஜின் வேலையையும் கம்பெனி ஏற்றுக்கொண்டாலும், 29,500 ரூபாய் உலோகச் சாமானில் 11,800 நம் தலையில். கேஸ்கெட்டில் 3,000. ஆயில், ஃபில்டர் 6,000. ரெக்கவரிக்குப் பாலிசி தருவது 1,500தான், மிச்சம் 1,000. 1,500 சி.சி. வரையிலான காருக்குக் கட்டாயக் கழிவு 1,000. கூட்டினால் 22,800 நாம்தான் கட்ட வேண்டும்.

ஆனால் பெரும்பாலும் கதை இப்படிப் போவதில்லை. பாலிசியில் வெள்ளம் உண்டு. அதைத் தொடர்ந்து வரும் நஷ்டம் கிடையாது. தண்ணீரில் நின்ற வண்டியைச் செல்ஃப் அடித்ததால் ராடு வளைந்தது என்று சர்வேயர் எழுதினால், இன்ஜின் வேலை 56,500 முழுக்க நம் பொறுப்பு. இன்ஜின் புரொடெக்ட் என்ற கூடுதல் பாலிசி இதற்காகவே இருக்கிறது. ஆனால் ஐந்து வயது தாண்டிய வண்டிக்குப் பல கம்பெனிகள் அதைத் தருவதில்லை. யாருக்கு வேண்டுமோ அவருக்குக் கிடைக்காத பாலிசி!

இன்ஜின் வேலையைக் கழித்துவிட்டால் கம்பெனி தருவது எவ்வளவு? ரெக்கவரி 1,500, செல்ஃப் மோட்டார் 1,500, சீட் 3,500, கூலி 3,500. கட்டாயக் கழிவு போக 9,000. வாங்கிக்கொள்ளலாமா? 50 சதவீத நோ க்ளெய்ம் போனஸில் இருப்பவர் அதை இழப்பார். சொந்தச் சேதப் பிரீமியம் 6,000 என்றால், அடுத்த ஐந்து வருடங்களில் 3,000, 1,800, 1,500, 900, 300 என்று 7,500 கூடுதலாகக் கட்ட வேண்டும். 9,000 வாங்க 7,500 செலவு. மிச்சம் 1,500க்காகப் பட்டறைக்கும் ஆபீசுக்கும் எத்தனை நடை?

செலவைப் பார்த்து 'ஹாஃப் இன்ஜின் வாங்கிப் போட்டுடலாம்' என்று மதுரைக்குப் பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. பழைய வண்டியிலிருந்து கழற்றிய பிளாக், கிராங்க், பிஸ்டனோடு வரும். ராடு பிளாக்கை உடைத்த வண்டிக்கு இது நியாயமான வழிதான். ஒன்று மட்டும்: இன்ஜின் நம்பர் அடித்திருப்பது பிளாக்கில். பிளாக் மாறினால் நம்பரும் மாறும். வாங்கிய பில்லோடு தேனி ஆர்.டி.ஓ.விலோ, உத்தமபாளையம் அலுவலகத்திலோ ஆர்.சி.யில் புது நம்பரை ஏற்ற வேண்டும். பில் இல்லாத பிளாக்கை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். மஞ்சள் போர்டு வண்டி என்றால் அடுத்த எஃப்.சி.யிலேயே நிறுத்திவிடுவார்கள்; சொந்த வண்டி என்றால் விற்கும்போதோ, அடுத்த க்ளெய்மின்போதோ நம்பர் ஒத்துப்போகாமல் மாட்டிக்கொள்ளும்.