மருத்துவச்சியின் மகன்

சாக்ரட்டீஸின் அம்மா என்ன வேலை பார்த்தார் தெரியுமா? ஊர்ப் பெண்களுக்குப் பிரசவம் பார்த்தார். பெயர் பைனரெட்டி. ஏதென்ஸ் நகர மதிலுக்கு வெளியே அலோபெக்கே என்ற பகுதியைச் சேர்ந்த குடும்பம். அப்பா சோப்ரோனிஸ்கஸ் கல்தச்சர் என்பார்கள். கி.மு. 470 வாக்கில் பிறந்த மகனும் இளமையில் உளி பிடித்ததாக ஒரு வழக்கு உண்டு.

ஆனால் சாக்ரட்டீஸ் உரிமை கொண்டாடியது அம்மாவின் தொழிலைத்தான். அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதிய 'தியைடீட்டஸ்' உரையாடலில் இது வருகிறது. பிள்ளை பெற்று, இனிப் பெறும் வயதைத் தாண்டிய பெண்களே அங்கே மருத்துவச்சி ஆவார்களாம். மருந்து கொடுத்தும் மந்திரம் சொல்லியும் வலியைத் தூண்டுவார்கள், தணிப்பார்கள்.

நானும் அப்படித்தான் என்கிறார் சாக்ரட்டீஸ். என்னிடம் ஞானம் பிறப்பதில்லை; அடுத்தவர் மனம் சுமக்கும் கருத்தை, கேள்வி கேட்டு வெளியே கொண்டுவருகிறேன் என்கிறார். பிறந்தது உயிருள்ள பிள்ளையா, வெறும் கூமுட்டையா என்று சோதிப்பதும் அவர் வேலையே. அம்மாவின் கைத்தொழிலை ஒரு மகன் இத்தனை பெருமையோடு தன் அறிவுக்கு அடையாளமாக எடுத்துக்கொண்டது மனதைத் தொடுகிறது.

கேள்வியால் கருத்தை வெளிக்கொணரும் அந்த முறைக்கு ஐரோப்பிய மொழிகளில் இன்றும் 'மையூட்டிக்' என்றே பெயர். கிரேக்கத்தில் அதற்குப் பொருள், பிரசவம் பார்க்கும் கலை.