கீரை வாங்குமுன் தண்ணீரை விசாரியுங்கள்



ஒரு வியாழக்கிழமை பின்னேரம். பாடம் முடித்து வீடு திரும்பும் வழியில், தெருவோரத்தில் ஒருவர் கங்குன் கீரை விற்றுக்கொண்டிருந்தார். பச்சைப் பசேலென்று, தண்டு தடித்து, பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. இரண்டு கட்டு வாங்கிக்கொண்டேன். வீட்டில் பாராட்டுக் கிடைக்கும் என்று எண்ணியிருந்த எனக்குக் கிடைத்தது ஒரு கேள்விதான்.

“இது எந்தத் தண்ணில வளந்த கீரை? கேட்டீங்களா?”

கீரைக்குக்கூடவா ஊர் பேர் விசாரிப்பது என்று சிரித்தேன். “நல்லாக் கழுவினாச் சரி” என்று சொல்லி ஆக்கச் செய்தேன். பிள்ளைகளும் விருப்பத்தோடு சாப்பிட்டார்கள்.

மறுநாள் அதே வழியால் போகும்போது பார்த்தேன். கடைத்தெருக் கான் வந்து விழும் பள்ளம். தண்ணீர் கறுத்து, மேலே எண்ணெய் மிதக்கிறது. அதற்குள் முழங்கால் அளவில் நின்றுகொண்டு அதே மனிதர் கங்குன் அறுக்கிறார்! என் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

இதைச் சொல்வது உங்களைக் கங்குனிலிருந்து விரட்டுவதற்காக அல்ல. நல்ல நீரில் வளர்ந்த கங்குன் ஏழை வீட்டுக்கும் எட்டக்கூடிய ஓர் அருட்கொடை. தமிழில் இதை வள்ளைக்கீரை என்பார்கள். நமது வற்றாளங்கிழங்குக் கொடிக்கு இது உறவுமுறை. கண்ணுக்கும் தோலுக்கும் தேவையான விற்றமின் ஏ ஆக உடலில் மாறும் கரோட்டின், விற்றமின் சி, இரும்புச்சத்து, கர்ப்பிணிகளுக்கு அவசியமான ஃபோலேட் ஆகியவை இதில் உண்டு.

நீரோரக் கீரை நமது முன்னோருக்கும் புதியதல்ல. ஸஹ்ல் இப்னு ஸஃத் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஒரு செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. மதீனாவில் ஒரு பெண்மணி தமது தோட்டத்தின் நீரோடைக் கரைகளில் ஸில்க் என்னும் கீரையைப் பயிரிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை அதன் வேர்களைப் பிடுங்கிப் பானையிலிட்டு, ஒரு பிடி வாற்கோதுமை மாவும் சேர்த்துச் சமைப்பார். இறைச்சி இல்லாத அந்த உணவில் அந்த வேர்களே இறைச்சியின் இடத்தில் இருக்கும். ஜும்ஆ முடிந்து வரும் ஸஹாபாக்கள் அவருக்கு ஸலாம் கூறுவார்கள். அவர் அந்த உணவைப் பரிமாறுவார். அதற்காகவே வெள்ளிக்கிழமை எப்போது வரும் என்று ஆவலோடு இருந்தார்களாம். கீரையை ஏளனமாகப் பார்க்கும் நாம் இதைச் சிந்திக்க வேண்டாமா?

அப்படியானால் தண்ணீரை ஏன் விசாரிக்க வேண்டும்? இரண்டு காரணங்கள் உண்டு.

முதலாவது, கிருமியும் புழுவும். ஐரோப்பியர் பச்சையாக உண்ணும் வாட்டர்கிரெஸ் என்னும் நீர்க்கீரையால், ஈரலில் தங்கும் தட்டைப்புழு மனிதருக்குத் தொற்றுவதுண்டு. ஆடு மாடுகளின் சாணம் கலந்த நீரில், ஒருவகை நத்தையின் உடலில் வளர்ந்து, பிறகு அந்தப் புழு இலையில் ஒட்டிக்கொள்கிறது. உப்புத் தண்ணீரில் ஊறவைப்பதால் மட்டும் அது அழியும் என்று நம்ப முடியாது. வெப்பம்தான் அழிக்கும். ஆகவே நீரில் வளரும் எந்தக் கீரையையும் சமைத்தே உண்ணுங்கள்.

இரண்டாவது, ஈயம், கட்மியம் போன்ற உலோகங்கள். கழிவுநீரில் கலந்திருக்கும் இவற்றைக் கங்குன் வேரால் உறிஞ்சித் தண்டிலும் இலையிலும் சேர்த்துக்கொள்ளும். இது கழுவினாலும் போகாது, அவித்தாலும் போகாது. ஈயம் சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். நான் சொன்ன “கழுவினாச் சரி” எவ்வளவு தவறு என்று இப்போது விளங்குகிறதல்லவா?

இனிச் சமையலுக்கு வருவோம். முதலில் கட்டைப் பிரித்து, வேரையும் முற்றிய அடித்தண்டையும் நீக்குங்கள். ஓடும் நீரில் இரண்டு மூன்று தரம் அலசுங்கள். கங்குன் தண்டு உள்ளே குழாய் போன்றது. சேறும் பூச்சியும் அதற்குள் ஒளிந்திருக்கும். ஆகவே தண்டைப் பிளந்து பார்த்து, மீண்டும் அலசிய பிறகே நறுக்குங்கள்.

தாச்சியில் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டு, சின்ன வெங்காயம், நசுக்கிய வெள்ளைப்பூடு, செத்தல் கொச்சிக்காய் போட்டுத் தாளியுங்கள். ஒரு கரண்டி மாசித்தூள் சேருங்கள். முதலில் தண்டைப் போட்டு இரண்டு நிமிடம் கிளறிய பின் இலையைப் போடுங்கள். மூடி வைக்காமல், நன்றாகச் சூடேறி வதங்கும்வரை கிளறினால் போதும். உப்பைக் கடைசியில் இடுங்கள். விரும்பினால் ஒரு பிடி தேங்காய்ப்பூ சேர்த்துச் சுண்டலாக்கலாம். அவிந்த பருப்போடு சேர்த்துத் தேங்காய்ப்பால் விட்டு ஆணமாகவும் காய்ச்சலாம். எண்ணெயும் தேங்காயும் ருசிக்கு மட்டுமல்ல, கொழுப்புச் சேர்ந்தால்தான் கரோட்டின் உடலில் நன்றாகச் சேரும்.

அடுப்பை விட்டு இறக்கிய பின் பாதித் தேசிக்காய் பிழியுங்கள். கீரையிலுள்ள இரும்பு உடலில் சேரத் தேசிக்காயும் மாசியும் உதவும். சோறு தின்ற கையோடு தேத்தண்ணி குடிக்கும் பழக்கம் அதைத் தடுக்கும். குறைந்தது ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கள். இரத்தசோகையுள்ள தாய்மாரும் குமருகளும் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் மட்டும் கீரையின் அளவை டொக்டரிடம் கேட்டு, ஒரே சீராக வைத்துக்கொள்ளட்டும்.

நல்ல கீரைக்கு எங்கே போவது என்கிறீர்களா? வாசலிலேயே வளர்க்கலாம். நான்கு கணு உள்ள தண்டுகளை, மண் நிரப்பிய பழைய பேசினில் நட்டு, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஈரம் காயாமல் வையுங்கள். நடுவதற்கு வாங்கும் தண்டும் சுத்தமான இடத்ததாக இருக்கட்டும். ஏறக்குறைய ஒரு மாதத்தில் அறுக்கலாம். அடியில் இரண்டு அங்குலம் விட்டு அறுத்தால் மறுபடியும் துளிர்க்கும்.

எங்கள் கிணற்றடியில் இப்போது இரண்டு பேசின்கள் இருக்கின்றன. தண்ணீர் ஊற்றுவது பிள்ளைகளின் வேலை, அறுப்பது அவர்களின் உம்மாவின் வேலை. சந்தையில் வாங்க நேர்ந்தால், விலை கேட்குமுன் அந்தக் கேள்வியைக் கேட்பது என் வேலை. நீங்களும் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள்.

நம் பிள்ளைகளின் உணவை அல்லாஹ் நல்லதாகவும் தூயதாகவும் ஆக்கித் தருவானாக.