பால் கேன் ஏற்றும் பைக்: ஷாக் அப்சர்பரைக் கொஞ்சம் கவனியுங்கள்

டிராக்டருக்கு ஆயில் மாற்ற வேண்டிய தேதியை மறக்காத விவசாயிகூட, தினமும் பால் கேனைத் தொங்கவிட்டு ஓட்டும் பைக்கின் ஷாக் அப்சர்பரைக் குனிந்து பார்ப்பதில்லை. எண்ணெய் ஒழுகினாலோ, உடைந்தாலோதான் வண்டி மெக்கானிக்கிடம் போகிறது. அதற்கு இடைப்பட்ட வருடங்களில் இடுப்பு வலி ஒரு பிரச்சினையாகவும், சந்தைக்குப் போகும் தக்காளி நசுங்குவது இன்னொன்றாகவும், மண் சாலைத் திருப்பத்தில் முன்சக்கரம் வழுக்குவது வேறொன்றாகவும் தெரிகிறது. பல வண்டிகளில் மூன்றுக்கும் மூலம் ஒன்றுதான்.

பயிர் ஆராய்ச்சி செய்பவருக்கு பைக் ஸ்பிரிங்கில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். விளைந்ததைக் கெடாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் வேளாண்மைதானே. சிறு விவசாயியின் பாலும் காய்கறியும் வீட்டில் இருந்து முதல் சில கிலோமீட்டரை பைக்கிலும் மொபெட்டிலும்தான் கடக்கின்றன. அந்தச் சாலைகள் எப்படி இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும்.

ஸ்பிரிங் தாங்கும், எண்ணெய் அடக்கும்

ஷாக் அப்சர்பரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. வெளியே தெரியும் சுருள் ஸ்பிரிங் சுமையைத் தாங்குகிறது. ஸ்பிரிங் மட்டும் இருந்தால், ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறிய வண்டி பந்து போலத் துள்ளிக்கொண்டே போகும். அந்தத் துள்ளலை அடக்குவது உள்ளே இருக்கும் எண்ணெய். பிஸ்டன் நகரும்போது எண்ணெய் சிறு துளைகள் வழியாகப் பிதுங்கிப் போக வேண்டியிருக்கிறது. அந்தத் தடையால்தான் வண்டி ஒரே எழும்பலில் அடங்கி நிற்கிறது. முன்பக்க போர்க்கிலும் இதே ஏற்பாடுதான், குழாய்க்குள் மறைந்திருக்கிறது.

நாம் ஓட்டும் 100, 125 சிசி வண்டிகளில் எண்ணெயின் தடையைத் திருகி மாற்ற முடியாது. நம் கைக்கு எட்டுவது பின்பக்க ஸ்பிரிங்கின் ஒரு முனையில் இருக்கும் படி வைத்த வளையம்தான். பல பைக்குகளில் இதற்கு 5 படிகள் உண்டு. சில மொபெட்டுகளில் இந்த வளையமே இருக்காது. உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

வளையத்தைத் திருகினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கம்பியின் தடிமனும் சுற்றும் மாறாதபோது ஸ்பிரிங்கின் கடினம் மாறாது. வளையம் செய்வது, ஸ்பிரிங்கை முன்கூட்டியே சிறிது அமுக்கி வைப்பது மட்டும்தான். அதனால் அதே சுமைக்கு வண்டியின் பின்பகுதி குறைவாகத் தாழும். பள்ளம் வரும்போது அமுங்குவதற்கு இடம் மீதி இருக்கும். அந்த இடம் மீதி இல்லாத வண்டியில்தான் ‘டக்’ என்று அடி விழுகிறது. அப்போது ஸ்பிரிங் இருந்தும் இல்லாதது போலத்தான். அடி நேராக உங்கள் முதுகுத்தண்டுக்கும் கேனுக்கும் போகிறது.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. எப்போதோ மூட்டை ஏற்றியபோது 5-ஆம் படியில் வைத்ததை அப்படியே விட்டுவிட்டு, வருடம் முழுக்கத் தனியாக ஓட்டுகிறவர்கள் நிறைய. பின்பகுதி எகிறி நிற்கும். பள்ளத்துக்குள் சக்கரம் இறங்கிப் பின்தொடர இடம் இருக்காது. சக்கரம் தரையை விட்டு விட்டுத் தொடும். சரளைக் கல் சாலையில் பிரேக் பிடித்தால் இழுத்துக்கொண்டு போகும்.

தையல் நாடா போதும்

சரியான படி எது என்பதை அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். வண்டியை மெயின் ஸ்டாண்டில் போட்டு, பின்சக்கரம் அந்தரத்தில் இருக்கட்டும். பின் அச்சு நட்டில் இருந்து நேர்மேலே, சீட்டுக்குக் கீழ் ஓர் இடத்தில் சாக்பீஸால் குறி போட்டு, இடைவெளியை அளந்து எழுதுங்கள். பிறகு ஸ்டாண்டை எடுத்து, ஹெல்மெட்டுடன் நீங்கள் உட்கார்ந்து கால்களை ஃபுட்ரெஸ்டில் வையுங்கள். ஒருவர் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் அதே இரண்டு புள்ளிகளை அளக்க வேண்டும். முதல் அளவு 44 செ.மீ., இரண்டாவது 41.5 என்றால், உங்கள் எடைக்கு வண்டி 25 மி.மீ. தாழ்கிறது.

புஷ்களின் உராய்வால் அளவு சற்று முன்பின் காட்டும். சீட்டை ஒருமுறை அமுக்கி மெதுவாக விட்டு ஓர் அளவு, ஒருமுறை தூக்கி மெதுவாக விட்டு ஓர் அளவு எடுத்து, நடு அளவை வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சக்கரம் மொத்தம் எவ்வளவு மேலும் கீழும் நகர முடியும் என்பது வண்டியுடன் வந்த கையேட்டில் இருக்கும். சாதாரண பைக்குகளில் 8 முதல் 10 செ.மீ. அளவில் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு, ஆள் உட்கார்ந்ததும் தாழ்ந்திருந்தால் சரி. இப்போது வழக்கமான சுமையை ஏற்றி மறுபடி அளந்து பாருங்கள். மொத்த நகர்வில் பாதிக்கு மேல் தாழ்ந்துவிட்டால் வளையத்தை ஒவ்வொரு படியாக ஏற்றி அளக்க வேண்டும். கடைசிப் படியிலும் பாதிக்கு மேல் தாழ்கிறதா? அப்படியானால் குறை வளையத்தில் இல்லை, சுமையில்.

திருகும்போது வண்டி மெயின் ஸ்டாண்டில், சுமை இல்லாமல் இருக்கட்டும். வளையத்தில் ஒட்டிய சேற்றைத் தண்ணீரும் பிரஷும் கொண்டு கழுவுங்கள். இதற்கென்றே கொக்கி போல வளைந்த ஸ்பேனர் உண்டு. சில வண்டிகளின் டூல் பையிலேயே வரும். உளியை வைத்துச் சுத்தியலால் தட்டித் திருப்பும் பழக்கம் வேண்டாம். பள்ளங்கள் சிதைந்தால் வளையம் பிறகு நகராது. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். ஒன்று 2-இலும் மற்றது 4-இலும் இருந்தால் ஸ்விங் ஆர்ம் முறுக்கப்பட்டு, புஷ் தேயும்.

காலையில் 40 கிலோவுடன் போய் வெறும் கேனுடன் திரும்புகிறவர் தினமும் இரண்டு முறை திருகிக்கொண்டிருக்க மாட்டார். அவருக்கு நான் சொல்வது நடுப்படி. சந்தை நாளில் மட்டும் ஏற்றிக்கொள்ளலாம், மறுநாள் இறக்கிவிட வேண்டும். இரண்டு நிமிட வேலை.

ஏற்ற மரத்தின் கணக்கு

வளையத்தால் சரிசெய்ய முடியாதது, சுமை வைக்கும் இடம். ஏற்ற மரத்தில் தாங்கும் புள்ளிக்குப் பின்னால் எடை போனால் முன்பகுதி எழும்பும். பைக்கில் அந்தப் புள்ளி பின் அச்சு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் சுமார் 124 செ.மீ. இருக்கும் வண்டியில், பின் அச்சுக்கு 25 செ.மீ. பின்னால் 40 கிலோவைக் கட்டினால், முன்சக்கரத்தின் மேல் இருந்த எடையில் 8 கிலோ குறைந்துவிடும். பின்சக்கரம் 48 கிலோவைக் கூடுதலாகச் சுமக்கும். அதே 40 கிலோவை அச்சுக்கு 10 செ.மீ. முன்னால் தொங்கவிட்டால் முன்சக்கரத்துக்கு 3 கிலோ கூடுகிறது.

முன்சக்கரம் இலேசானால் என்ன ஆகும்? ஹேண்டில் கையில் ஆடும். திருப்பத்தில் வண்டி வளையாமல் வெளிப்பக்கமாகவே போகப் பார்க்கும். முன் பிரேக்கைப் பிடித்தால் மண்ணில் சக்கரம் எளிதில் பூட்டிக்கொள்ளும். புல்லுக்கட்டைப் பின்சீட்டின் கடைசியில், அதுவும் உயரமாகக் கட்டி, அதற்கு முன்னால் வீட்டம்மாவை ஒரு பக்கமாக உட்கார வைத்துப் போகும் காட்சியை எந்த ஊரிலும் பார்க்கலாம். விழுந்தால் முதலில் அடிபடுவது பின்னால் இருப்பவர்தான். மொபெட்டில் முன்புறம் கால் வைக்கும் இடத்தில் மூட்டை வைப்பது எவ்வளவோ மேல். சுமை தாழ்வாக, இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில் இருக்கிறது. கால் வைக்க இடமும் ஹேண்டில் முழுதாகத் திரும்ப வழியும் இருந்தால் போதும்.

மொத்த எடையையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். ஒரு லிட்டர் பால் ஒரு கிலோவுக்குச் சற்றே அதிகம். 40 லிட்டர் கேன் இரண்டு என்றால் பால் மட்டும் 82 கிலோ. ஓட்டுபவர் 65 கிலோ. 147 ஆகிவிட்டது, கேன்களின் எடை தனி. ஆளையும் சேர்த்து 130 கிலோதான் ஏற்றலாம் என்று குறிப்பிடப்பட்ட 100 சிசி வண்டிகள் உண்டு. இரண்டு 20 லிட்டர் கேன்கள் என்றால் எல்லைக்குள் வசதியாக இருக்கும்.

அரைகுறையாக நிரம்பிய கேன், நிறைந்த கேனைவிட மோசம். பால் உள்ளே அலையடித்து, திருப்பத்தில் வண்டியைத் தள்ளும். பாலுக்கும் கெடுதல்: காற்றோடு சேர்ந்து குலுங்கும்போது கொழுப்புத் துளிகளின் மேலுறை உடைந்து, ஒரு பகுதி வெண்ணெயாகத் திரண்டு மூடியிலும் கேன் ஓரத்திலும் ஒட்டிக்கொள்ளும். மீதிக் கொழுப்பு நொதிகளின் பிடியில் சிக்கிக் காறல் வாடை வரவும் இடம் உண்டு. திரண்ட கொழுப்பு மாதிரிக் குப்பியில் சரியாக வராவிட்டால், கொழுப்பு அளவு பார்த்து விலை போடும் இடத்தில் நஷ்டம் உங்களுக்கு. எனவே பாலின் அளவுக்கேற்ற கேனை எடுத்துச் செல்லுங்கள்.

தக்காளியில் மேலடுக்குப் பழங்கள்தான் அதிகம் அடிபடும். ஒவ்வொரு குலுக்கலிலும் அவை எழும்பி விழுகின்றன. அன்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஓரிரு நாளில் தோல் கன்றி நீர் விடும். வியாபாரி அடுத்த முறை விலையில் கைவைப்பார். கூடையில் ஆட்டம் இல்லாதபடி நிரப்பி, அடியிலும் மேலும் வைக்கோல் வைத்துக் கட்டுங்கள்.

இன்னொன்று. மருந்து நிரப்பிய 16 லிட்டர் தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு பைக் ஓட்டாதீர்கள். எடை உயரத்தில் ஆடுகிறது என்பது ஒரு பக்கம். மூடி கசிந்தால் மருந்து நேராக முதுகில் இறங்கும். தண்ணீரை வயலில் நிரப்புங்கள்.

டயர், எண்ணெய், முன் போர்க்

வண்டியின் முதல் ஸ்பிரிங் டயர்தான். செயின் கவர் அருகில் ஒட்டிய ஸ்டிக்கரில் தனி ஆளுக்கு ஓர் அளவு, பின்னால் சுமையுடன் வேறோர் அளவு என்று காற்றழுத்தம் போட்டிருக்கும். சுமை ஏற்றும் வண்டிக்கு இரண்டாவது அளவு. ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடுதலாகக் காட்டும். காலையில் கிளம்பும் முன் பார்ப்பதே சரி. ஷாக் அப்சர்பர் போய்விட்டது என்று வரும் வண்டிகளில் காற்று மட்டும் குறைந்தவையும் இருக்கும்.

எண்ணெயைச் சோதிக்க, பின்சீட்டைப் பலமாக ஒருமுறை அமுக்கிக் கையை எடுங்கள். எழும்பி அடங்க வேண்டும். இரண்டு மூன்று முறை ஆடினால் உள்ளே அடக்கும் சக்தி போய்விட்டது. தண்டில் எண்ணெய் ஈரமும் அதன் மேல் புழுதியும் அப்பியிருந்தால் கசிவு. மாற்றும்போது ஜோடியாகவே மாற்றுங்கள். வாயு அடைத்த வகைகளைத் திறக்கவோ, சூடுபடுத்தவோ, அருகில் வெல்டிங் வைக்கவோ கூடாது. அழுத்தத்தில் இருக்கும் வாயு வெடித்து வரும்.

முன் போர்க்கின் பளபளப்பான குழாயைச் சுற்றி ஒரு நூலை இறுக்கமாகக் கட்டி, கீழே சீல் வரை தள்ளி வைத்துவிட்டு, வழக்கமான சாலையில் ஒருமுறை போய் வாருங்கள். போர்க் எவ்வளவு அமுங்கியதோ அவ்வளவு மேலே நூல் தள்ளப்பட்டிருக்கும். வேகத்தடையில் கவனமாக ஏறினாலும் நூல் உச்சிவரை போகிறது என்றால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், அல்லது எண்ணெய் குறைந்திருக்கலாம்.

போர்க் ஆயில் என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. வாங்கியதில் இருந்து மாற்றாத வண்டிகளில் சாம்பல் நிறக் கழிவுநீர் போல வரும். கையேட்டில் சொன்ன வகையை, சொன்ன மில்லி அளவில், இரண்டு பக்கமும் சமமாக ஊற்ற வேண்டும். மீதமிருக்கும் இன்ஜின் ஆயிலை ஊற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். எண்ணெய் தடிப்பாக இருந்தால் போர்க் மெதுவாகத்தான் எழும்பும். வரிசையாகப் பள்ளம் வரும் சாலையில் முழுதாக எழுவதற்குள் அடுத்த அடி விழுந்து, அமுங்கியபடியே நின்றுவிடும். அளவுக்கு மேல் ஊற்றினால் உள்ளே காற்றுக்கு இடமில்லாமல் கடைசியில் கல் போலாகி, சீல் பிய்த்துக்கொள்ளும்.

ஹேண்டில் ஆட்டம் எல்லாம் போர்க்கால் வருவதில்லை. முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி ஹேண்டிலை மெல்லத் திருப்புங்கள். நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவது போல நின்றால் கோன் செட் தேய்ந்துவிட்டது. பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டினால் ‘கடக்’ என்றால் ஸ்விங் ஆர்ம் புஷ் அல்லது சக்கர பேரிங்.

ஸ்பிரிங் சுற்றுகளுக்கு இடையே ரப்பர் கட்டையும் பழைய டயர்த் துண்டும் செருகுவது கிராமத்து வைத்தியம். வண்டி தாழாது என்பது உண்மை. ஆனால் செருகிய சுற்றுகள் வேலை செய்யாமல் போக, மீதிச் சுற்றுகளே முழு வேலையும் செய்து ஒருநாள் முறியும். அதுவரை இடுப்புக்கு இரட்டைத் தண்டனை. மேலும் கீழுமாக நொடிக்கு 4 முதல் 8 முறை வரும் அதிர்வைத்தான் மனித உடல் மிக அதிகமாக உணர்கிறது. டிராக்டர் இருக்கையை வடிவமைக்கும்போது இதைக் கவனிக்கிறோம், பைக்கில் விட்டுவிடுகிறோம்.

வேளாண் விரிவாக்கப் பணியாளர்கள் ஒரு காலை வேளையில் பால் சங்க வாசலில் ஒரு நாடா, ஒரு காற்றழுத்த மானி, ஒரு கொக்கி ஸ்பேனருடன் நின்றால், ஒரு வண்டிக்கு பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். அங்குதான் வண்டிகள் சுமையோடு வரும். அளப்பதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை.

சரிசெய்து முடித்ததும் இரண்டைப் பாருங்கள். சுமை ஏற்றி ஆள் உட்கார்ந்த நிலையில் செயினை விரலால் அசைத்தால் தொய்வு இருக்க வேண்டும். பின்பகுதி தாழும்போது செயின் இறுகும், முன்பே இறுக்கமாக வைத்திருந்தால் ஸ்பிராக்கெட்டையும் பேரிங்கையும் தின்றுவிடும். மற்றது ஹெட்லைட். இருட்டியதும் சுவருக்கு எதிரே நிறுத்தி, சுமை இல்லாமல் ஒருமுறையும் சுமையுடன் ஒருமுறையும் வெளிச்சம் விழும் உயரத்தைக் குறித்துப் பாருங்கள். சுமையுடன் மேலே ஏறினால், விடியற்காலை நான்கு மணிக்கு எதிரே வருகிறவரின் கண்ணில்தான் அது அடிக்கிறது. வளையத்தில் சரியாகாத மிச்சத்தை ஹெட்லைட் ஸ்குரூவில் இறக்கிக்கொள்ளுங்கள்.