தென்னை நிழலில் கச்சோலம்

தென்னந்தோப்பில் மரங்களுக்கிடையே கிடக்கும் நிலத்தை நம் மிராசுதார்களிற் பலர் களைக்கே விட்டுவிடுகின்றனர். நிழலில் எப்பயிரும் தேறாதென்பது அவர்கள் அபிப்பிராயம். நிழலையே உவந்து வளரும் வாசனைப் பயிரான கச்சோலத்தை அன்னார் கவனித்தல் நலம்.

இஃது இஞ்சி இனத்தைச் சேர்ந்தது. எனினும் இஞ்சியைப்போல் உயராது. வட்ட இலைகள் இரண்டு மூன்று தரையோடு ஒட்டிப் படிந்து மண்ணை மூடும். காலையில் விரியும் வெண்மலர் அன்றே வாடிவிடும். மணமெல்லாம் கிழங்கில்தான். தைலங்களுக்கும் வாசனைப் பொடிகளுக்கும் இதனை வாங்குவர். கேரளத்தில் இது நெடுநாளையப் பயிர். அங்குள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகம் ரஜனி, கஸ்தூரி என்னும் இரகங்களை வெளியிட்டுள்ளது.

வைகாசியில் கோடை மழை பெய்தவுடன் நிலத்தைப் பண்படுத்தி, தொழுவுரமிட்டு, 25 செண்டிமீட்டர் உயரமுள்ள மேட்டுப்பாத்திகள் அமைத்தல் வேண்டும். முளையுள்ள கிழங்குத் துண்டுகளை 20 செண்டிமீட்டருக்கு 15 செண்டிமீட்டர் இடைவெளியில் ஊன்றிச் சருகால் மூடுக. தென்னை மரத்தைச் சுற்றி 2 மீட்டர் வரை ஊன்றலாகாது. அது மரத்தின் வேருக்குரிய இடம்.

மேட்டுப்பாத்தியை வீண் செலவென எண்ணுவோர் உளர். யானும் அவ்வாறெண்ணி ஓராண்டு ஒரு விளக்கத் தோட்டத்தில் சமதரையிலேயே நட்டேன். ஆடி மழையில் நீர் தேங்கி இலைகள் அழுகின, கிழங்கும் குழைந்தது. பக்கத்துக் குடியானவர் வேலியோரம் நின்று பார்த்துச் சென்றதை மறவேன். நோய் தலைகாட்டின் 1 சதவீத போர்டோ கலவையைத் தெளிக்கலாம். எனினும் வடிகாலில்லா நிலத்திற்கு எம்மருந்தும் உதவாது.

ஒரு ஏக்கர் முழுதும் நடுவதாயின் ஏறக்குறைய 300 கிலோ விதைக்கிழங்கு வேண்டும். விலையோ ஆண்டுக்காண்டு பெரிதும் ஏறியிறங்குவது. ஆதலின் வாங்குவோரை முன்னரே விசாரித்தறிந்து, முதலாண்டு 5 செண்டில் மட்டும் செய்து பார்ப்பதே என் யோசனை. கடன் வாங்கித் தோப்பு முழுதும் நடுவதை அறவே தவிர்க்க.

ஏழாம் மாதத்தில் இலைகள் உலர்ந்ததும் கிழங்கைத் தோண்டிக் கழுவி, வட்ட வில்லைகளாக நறுக்கி, நான்கு நாள் நல்ல வெயிலில் காயவைக்க. ஈர எடையில் நான்கிலொரு பங்குக்குச் சிறிது மேற்படவே தேறும். விதைக்கு வேண்டிய திரண்ட கிழங்குகளை நறுக்குமுன்னரே பிரித்தெடுத்துக் குளிர்ந்த, ஈரமற்ற இடத்தில் பரப்பி வைத்தல் அவசியம்.