வாசல் வீட்டுக்கும் ஒரு ஜன்னல்

போன சித்திரையில் ஒரு மத்தியானம். ஊரப்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் கேட் பக்கம் குழந்தை வீல்வீலென்று அழும் சத்தம். போய்ப் பார்த்தேன். வாட்ச்மேனின் மனைவி எட்டு மாதக் கைக்குழந்தையை ஈரத் துணியால் ஒற்றிக் கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் வேர்க்குரு.

"உள்ளே இருக்க முடியலைக்கா, அனலா அடிக்குது" என்றாள்.

ஆறடிக்கு எட்டடி அறை. மேலே சிமென்ட் ஷீட். ஒரே ஜன்னல், அதுவும் கேட்டைப் பார்த்து. ஆனால் வெளிச் சுவருக்கு மட்டும் பளபளவென்று கிரானைட்!

எனக்கு உடனே ஒரு போட்டோ ஞாபகம் வந்தது. ஸ்காட்லாந்தில் இருக்கும் என் நாத்தனார் பெண், விடுமுறைக்குத் தங்கிய வீட்டைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். பெரிய பண்ணை மாளிகையின் வாசலில் கேட் காவல்காரருக்காகக் கட்டிய வீடு அது. 'கேட் லாட்ஜ்' என்பார்கள்.

விக்டோரியா மகாராணி காலத்தில், அதாவது 1837 முதல் 1901 வரை, இப்படிப்பட்ட வீடுகள் அங்கே நிறைய எழுந்தன. பனி வழிந்து விழச் செங்குத்தான கற்பலகைக் கூரை. கூரை விளிம்பில் லேஸ் பின்னியதுபோல் மரவேலை. உயரமான புகைபோக்கி. வண்டி வருவது தெரிய, சுவரை விட்டு வெளியே துருத்தி நிற்கும் ஜன்னல். மாளிகை எப்படிப்பட்டதென்று வாசலிலேயே சொல்லிவிட வேண்டும். அதற்குத்தான் இத்தனை அலங்காரம்.

உள்ளே? பல வீடுகளில் இரண்டு மூன்று சிறிய அறைகள்தான். அதில் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள். சில இடங்களில் அழகுக்காகக் கேட்டின் இரு பக்கமும் ஒரே மாதிரி குட்டி வீடுகள் கட்டி, ஒரே குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். இந்தப் பக்கம் சமையல், அந்தப் பக்கம் படுக்கை! மழையிலும் பனியிலும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாதையைக் கடந்த தாய்மாரை நினைத்துப் பாருங்கள். கணவன் தோட்ட வேலைக்குப் போனால் கேட் திறப்பதும் அவள் பொறுப்புதான்.

அந்த ஸ்காட்லாந்திலேயே பிறந்த லௌடன் என்பவர் 1833-ல் வீடு கட்டுவது பற்றி ஒரு பெரிய நூல் வெளியிட்டார். தொழிலாளியின் சிறு வீடானாலும் தரை ஈரமில்லாமல் உயர்ந்திருக்க வேண்டும், காற்றும் வெளிச்சமும் வர வேண்டும், கழிப்பிடம் வேண்டும் என்று வற்புறுத்தினார். அவர் மனைவி ஜேனும் பெண்களுக்காகத் தோட்டக்கலை நூல்கள் எழுதியவர்.

அது சீமைக் கதை என்கிறீர்களா? நம்மூர் ரயில்வேயிலும் லெவல் கிராசிங் காவலர் அறைக்குப் பெயர் 'கேட் லாட்ஜ்'தான். சிங்கப்பெருமாள் கோவில் கேட்டில் கால் கடுக்க நின்றவர்கள் பார்த்திருப்பீர்கள். ரயிலும் சாலையும் தெரியும்படி இருந்தால்தான் அங்கே வேலை நடக்கும். அழகைவிட உபயோகம் முக்கியம்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். "வாட்ச்மேன் ரூமுக்கு எதுக்கும்மா செலவு?" என்றார் ஒருவர். "குழந்தை இருக்கே சார்" என்றேன். பெண்கள் எல்லோரும் என் பக்கம் பேசினார்கள்.

செய்தது இவ்வளவுதான். எதிர்ச் சுவரில் இன்னொரு ஜன்னல் திறந்து, இரண்டுக்கும் கொசுவலை அடித்தோம். ஷீட்டின் மேல் வெள்ளைப் பூச்சு, உள்பக்கம் தென்னை ஓலைத் தட்டி. மேற்கு வெயில் விழும் சுவருக்குப் பந்தல் போட்டு அவரைக்கொடி ஏற்றினோம். மழைத் தண்ணீர் புகாதபடி வாசற்படியை உயர்த்தினோம். கீழ்த்தளக் கழிப்பறையின் சாவி ஒன்றை அவளிடமே கொடுத்துவிட்டோம். அதுவரை இருட்டும் வரை காத்திருப்பாளாம். கேட்டபோது எனக்கு வெட்கமாகிவிட்டது.

இப்போது மத்தியானத்தில் குழந்தை தூங்குகிறது. அவரைக்காயில் எனக்கும் ஒரு பங்கு வருகிறது!

உங்கள் வாசலிலும் இப்படி ஓர் அறை இருக்கலாம். ஒரு நாள் பகல் இரண்டு மணிக்கு அதற்குள் பத்து நிமிஷம் உட்கார்ந்து பாருங்கள். என்ன செய்ய வேண்டுமென்று உங்களுக்கே தெரிந்துவிடும்.