நிக்கோபாரும் முப்பது நாள் கெடுவும்

பருவநிலை மாற்றம் என்றதும் விளக்கை அணைக்கவும் துணிப்பை தூக்கவும் குடிமக்களுக்கு உபதேசம் தொடங்கிவிடுகிறது. நல்லதுதான், ஆனால் அந்தமான் நிக்கோபாருக்கு அது போதாது. 2004 நிலநடுக்கத்தில் கிரேட் நிக்கோபாரின் இந்திரா முனை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. தாழ்ந்த கரையில் கடல்மட்டமும் ஏறுகிறது. சூடேறிய கடலில் 2010இலும் 2016இலும் அந்தமான் பவளப்பாறைகள் வெளுத்தன. அதே கிரேட் நிக்கோபாரில் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரம் அமைக்க 130.75 சதுர கிலோமீட்டர் காட்டைக் கொடுக்க 2022இல் கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்தது. ஈடாக மரம் வளர்க்கத் திட்டமிட்ட இடம் ஹரியானா! அலையைத் தடுக்கும் காட்டின் கதி இப்படிக் கோப்புகளில் தீர்மானமாகும்போது, குடிமக்களின் பருவநிலைப் பணியும் அங்கேதான் இருக்கிறது.

அதற்குச் சட்டம் வழி வைத்திருக்கிறது. 2006ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி, பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும்; வர முடியாதவர்கள் எழுதி அனுப்பலாம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஆவணம் கேட்கலாம். சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்துத் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் முறையிட 30 நாள் கெடு. தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள். அதற்குப்பின் கதவு மூடிவிடும். ஆகவே தகவல் மனுவின் பதிலுக்காக மட்டும் காத்திருப்பது ஆபத்து. அதற்கே 30 நாள் ஆகலாம். பருவநிலைப் பாதிப்பிலிருந்து விடுபட்டு வாழும் உரிமை அரசியலமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் சொன்னது. முறையீட்டு மனுவில் இதைக் குறிப்பிடலாம்.

நாட்டின் பாதுகாப்புக்கும் வணிகத்துக்கும் துறைமுகம் வேண்டாமா என்பார்கள். வேண்டுமா என்பது ஒரு கேள்வி. தோல்முதுகு ஆமைகள் முட்டையிடும் கலாத்தியா விரிகுடாவில்தான் வேண்டுமா என்பது வேறு கேள்வி. கூட்டமும் முறையீடும் வெறும் சடங்கு என்பது அடுத்த ஆட்சேபம். அதில் பாதி உண்மை. 2023 ஏப்ரலில் தீர்ப்பாயம் இந்தத் திட்டத்தின் சுற்றுச்சூழல் அனுமதியை ரத்து செய்யவில்லை. குறைகளை ஆராயக் குழு ஒன்றை அமைத்தது. அதற்குத் தலைமை, அனுமதி தந்த அமைச்சகத்தின் செயலாளரே. ஆனாலும் அதற்கு முன்பே, தீவின் பழங்குடி மன்றம், தங்களுக்கு முழு விவரம் சொல்லப்படவில்லை என்று, திட்டத்துக்குத் தான் தந்திருந்த ஒப்புதலை 2022 நவம்பரில் எழுத்து மூலம் திரும்பப் பெற்றது. அந்த மறுப்பு எழுத்தில் இருப்பதால்தான், மக்கள் சம்மதித்துவிட்டார்கள் என்று இன்று எவரும் எளிதில் சொல்லிவிட முடியவில்லை. பேச்சு காற்றோடு போகும், பதிவு நிற்கும். கூட்ட முடிவில் நடவடிக்கைக் குறிப்பை உள்ளூர் மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பதும் 2006 அறிவிக்கையிலேயே இருக்கிறது. தாம் சொன்னது அதில் ஏறியிருக்கிறதா என்று கேட்டுப் பார்க்காமல் எவரும் அங்கிருந்து எழுந்து போகக் கூடாது.